நின்றால் வரும் மயக்கத்துக்குச் சீனித் தண்ணீர் உதவுவது ஏன்?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன், வயது 29. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பிய பின், சிறிது நேரம் நின்றாலே நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, பார்வை ஓரங்களிலிருந்து இருண்டு வரத் தொடங்கியது. மனப்பதற்றம் என்று சொல்லிப் பல மாதங்கள் அதற்கே மருந்து தந்தார்கள். கடைசியில் ஒரு வைத்தியர் என்னைப் பத்து நிமிடம் படுக்க வைத்து, பிறகு எதிலும் சாயாமல் பத்து நிமிடம் நிற்க வைத்து அளந்து பார்த்தார். படுத்திருந்தபோது நிமிடத்துக்கு 72 ஆக இருந்த நாடித்துடிப்பு நின்றபோது 116 ஆனது. குருதியமுக்கம் பெரிதாக இறங்கவில்லை. நாம் நினைக்காமலே நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் நடத்தும் தன்னியக்க நரம்புத் தொகுதியின் கோளாறுகளுள் ஒன்றான ‘பொட்ஸ்’ இது என்று அவர்தான் முதன்முதலில் பெயர் சொன்னார்.

என் கேள்வி இதுதான். மயக்கம் வரும்போது அம்மா ஒரு பெரிய கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தருவார். அடியில் கரையாத சீனி ஒரு விரல் உயரம் நிற்கும் அளவுக்குச் சீனி போடுவார். ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பார். கதிரையில் இருந்து அதைக் குடித்தால் கால் மணி நேரத்துக்குள் பார்வை தெளிந்து, விரல் நடுக்கமும் நின்றுவிடும். ஆகவே எனக்குச் சீனிதான் குறைகிறது என்பது அம்மாவின் முடிவு. ஆனால் சென்ற மாதம் உறவினர் திருமணம் ஒன்றில் சோற்றுப் பந்திக்குப் பிறகு இனிப்புச் சோடா ஒரு போத்தல் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தளர்ந்து மண்டபத்துத் தரையிலேயே படுக்க வேண்டியதாயிற்று. ஒரே சீனி ஒரு நாள் எழுப்புகிறது, இன்னொரு நாள் வீழ்த்துகிறது என்றால் அதன் காரணம் என்ன? விளங்கியவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் வாட்டுகளில் வேலை செய்தவள் என்ற முறையில், விளக்கத்துக்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: மயக்கம் வந்த நேரத்தில் ஒரு முறையாவது விரலில் குத்திக் குருதிச் சீனியை அளந்து பார்த்தீர்களா?

சீனி குறைந்ததால்தான் இந்த நிலை வந்தது என்று உறுதியாகச் சொல்ல மூன்று சான்றுகள் ஒன்றாக வேண்டும் என்பது 1938 இலிருந்து வைத்தியர்கள் பின்பற்றும் நெறி. அறுவை வைத்தியர் விப்பிளின் பெயரால் அது வழங்குகிறது. அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அளந்த சீனி குறைவாக இருக்க வேண்டும், சீனி ஏறியதும் அறிகுறி நீங்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. நடுவில் உள்ளதுதான் இல்லை. நீரிழிவு இல்லாத ஒருவரில் டெசிலீற்றருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே போனால்தான் அதைக் கவனிக்க வேண்டிய குறைவு என்கிறோம். நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அதிரினலின் வகைச் சுரப்புகள் கூடும்போது எழும் அறிகுறிகள். சீனி குறைந்தாலும் அவை சுரக்கும், பொட்ஸ் உள்ளவர் எழுந்து நின்றாலும் சுரக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அம்மா அப்படி எண்ணியதில் பிழை சொல்ல முடியாது.

இன்னொன்றை அம்மாவிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள். நினைவு முற்றாகத் தப்பிய ஒருவரின் வாயில் சீனித் தண்ணீரோ வேறெதுவோ ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்போடு ஊற்றிய கரண்டித் தண்ணீர் நெஞ்சில் சளிக்காய்ச்சலாக முடிந்ததை நான் கண்டிருக்கிறேன். தரையில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலானோர் ஓரிரு நிமிடத்தில் கண் விழிப்பார்கள். விழித்து, தானே கிளாஸைப் பிடிக்கக் கூடிய நிலை வந்த பிறகுதான் குடிக்கக் கொடுக்கலாம். விழிக்கவில்லை என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.


உடற்றொழிலியல் விரிவுரையாளர் எழுதியது:

ஆசிரியை கேட்டது மிக நல்ல கேள்வி. அவர் கண்ட இரண்டு அனுபவங்களும் உண்மை, ஒன்றையொன்று மறுப்பவையும் அல்ல. சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எழுந்து நின்றதும் அரை லீற்றரிலிருந்து ஏறத்தாழ ஒரு லீற்றர் வரையான குருதி நெஞ்சுப் பகுதியை விட்டு வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடி வளைவிலும் உள்ள அமுக்க உணரிகள் இதை உடனே அறிந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து வரும் கட்டளையால் குருதிக்குழாய்கள் சுருங்கி, இதயம் சிறிது வேகமாக அடித்து, மூளைக்குப் போகும் ஓட்டம் காக்கப்படுகிறது. பொட்ஸில் இந்தக் குழாய்ச் சுருக்கம் போதாமல் இருக்கலாம், அல்லது குழாய்களில் ஓடும் திரவமே குறைவாக இருக்கலாம். பலரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. குறையை இதயம் வேகத்தால் ஈடுசெய்யப் பார்க்கிறது. நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடுவதும் (12 முதல் 19 வயது வரை 40), அமுக்கம் விழாமல் இருப்பதும், அறிகுறிகள் மூன்று மாதமேனும் நீடிப்பதும் நோயை இனங்காண வைத்திருக்கும் அளவுகள்.

இனி அந்தத் தேசிக்காய்த் தண்ணீருக்கு வருவோம். அதில் முதலில் வேலை செய்வது வெறும் தண்ணீர். தன்னியக்க நரம்புகள் செயலிழந்த நோயாளர்கள் ஏறத்தாழ அரை லீற்றர் தண்ணீரைச் சில நிமிடங்களில் குடித்தால், அது உடலில் முழுவதும் உறிஞ்சப்படுவதற்கு முன்பே அவர்களின் குருதியமுக்கத்தின் மேல் இலக்கம் 30 மில்லிமீற்றருக்கும் அதிகமாக ஏறக் கூடும் என்பது 2000 ஆம் ஆண்டளவில் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. ஐந்து நிமிடத்தில் தொடங்கும் இந்த விளைவு அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணிகிறது. பொட்ஸில் அமுக்கம் அப்படி ஏறாது. ஆனால் நிற்கும்போது துடிப்பு எகிறுவது குறைகிறது. குருதி தானம் செய்பவர்களுக்கு முன்கூட்டியே அரை லீற்றர் தண்ணீர் குடிக்கக் கொடுப்பதன் காரணமும் இதற்கு உறவானதே.

இரண்டாவதுதான் சீனியின் உண்மையான பங்கு. சிறுகுடற் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் இணைத்தே உள்ளே எடுக்கும் ஒரு புரதக் கடத்தி இருக்கிறது. இரண்டு சோடியம் அயன்களோடு ஒரு குளுக்கோசு மூலக்கூறு உள்ளே போகிறது. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. இந்தக் கூட்டுக் கடத்தலை உயிர்வேதியியலாளர் ரொபேட் கிரேன் 1960 இல் பிராக் நகரில் முன்வைத்தார். 1971 இல் வங்காள எல்லையிலிருந்த அகதி முகாம்களில் கொலராவால் வற்றிப்போனவர்களைச் சேலைன் தட்டுப்பாட்டுக்கிடையில் டொக்டர் திலீப் மகாலனாபிஸ் வாய்வழிக் கரைசலால் காப்பாற்றியது இதே கடத்தியை நம்பித்தான். நம் வீடுகளில் வயிற்றோட்டத்துக்குக் கரைக்கும் ஜீவனிப் பொட்டலமும் இதே தத்துவத்தில் அமைந்தது. ஆகவே சீனி இங்கே சக்தி தரும் உணவாக வரவில்லை. உப்பும் தண்ணீரும் உள்ளே போகும் வாசலைத் திறந்துவிடுகிறது. அம்மா போட்ட அந்த ஒரு சிட்டிகை உப்பு இல்லாவிட்டால் வாசல் திறந்தும் பெரிய பயன் இருந்திருக்காது.

அளவைக் கவனியுங்கள். 2002 இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய கரைசலில் ஒரு லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், கறியுப்பு 2.6 கிராம் மட்டுமே. மொத்தச் செறிவு குருதியின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. இனிப்புச் சோடாவில் ஒரு லீற்றருக்குச் சீனி 100 கிராமுக்கு அண்மையாக இருக்கும், உப்பு அநேகமாக இருக்காது. அவ்வளவு செறிந்த திரவம் குடலுக்குள் இறங்கினால், முதலில் குருதியிலிருந்துதான் தண்ணீர் குடலுக்குள் இழுபடும். நிற்க முடியாதவருக்குத் தேவைப்படுவதற்கு நேர் எதிரான திசை அது.

திருமண மண்டபத்தில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். ஓய்வில் இருக்கும்போதே இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழக் கால் பங்கு குடல், ஈரல் பகுதிக்குப் போகிறது. உணவு உண்டால் அது கூடுகிறது. பெருமளவு சீனியும் மாச்சத்தும் சேர்ந்து இறங்கும்போது குடலிலிருந்து சுரக்கும் சில ஓமோன்கள் அப்பகுதிக் குழாய்களை மேலும் விரிக்கின்றன. பொட்ஸ் உள்ளவர்களுக்கு 75 கிராம் குளுக்கோசு கொடுத்துப் பார்த்தபோது நிற்கும் துடிப்பும் அறிகுறிகளும் மோசமாயின என்றும், அதனோடு ‘ஜிஐபி’ எனும் குடல் ஓமோன் கூடுதலாகச் சுரந்தது என்றும் 2022 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சோற்றுப் பந்தியும் ஒரு போத்தல் சோடாவும் அந்த 75 கிராமைத் தாண்டியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கதிரையில் இருந்ததையும் கணக்கில் எடுங்கள். இருந்தவுடன் காலில் தேங்கிய குருதியில் ஒரு பகுதி மேலே திரும்புகிறது. நாம் எல்லாவற்றையும் சீனியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.


நிலாவெளி வாசகர் எழுதியது:

நானும் இதே நோயோடு ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன். புடைவைக் கடையில் நின்றபடி செய்யும் வேலை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் மதியம் பதினொரு மணிக்கே தோல் காய்ந்து, உதடு வெடித்து, வியர்த்ததே தெரியாமல் உடம்புத் தண்ணீர் போய்விடும். வெப்பத்தில் தோலின் குருதிக்குழாய்கள் விரிவதால் என் போன்றோருக்கு இரட்டைச் சுமை. கால்களைக் குனிந்து பார்த்தால் கணுக்காலுக்குக் கீழே நாவற்பழ நிறம் ஏறியிருக்கும்.

முதல் ஆண்டு முழுவதும் நான் சோடாவில்தான் ஓடினேன். குடித்ததும் தெம்பு வரும். கோலா என்றால் அதிலுள்ள கஃபீனும் சேர்ந்து தூக்கும். இரண்டு மணி நேரத்தில் இன்னொரு போத்தல் தேவைப்படும். அந்தத் தெம்பைத் தேடித் தேடி ஆறு கிலோ எடை கூடியதுதான் மிச்சம். 2016 இலிருந்து நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்ப நிறக்குறி இருக்கிறது: 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. அந்தக் குறியைப் பார்த்து வாங்கத் தொடங்கியது எனக்குப் பெரிய திருப்பமாக இருந்தது.

இப்போது காலையில் எழும்புவதற்கு முன், கட்டிலில் இருந்தபடியே இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறேன். கடைக்குக் கொண்டு போவது உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் அல்லது மோர். கஞ்சியிலுள்ள மாச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைவதால் ஒரே நேரத்தில் சீனி கொட்டப்படுவதில்லை என்று என் வைத்தியர் விளக்கினார். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் குறைவு. நமக்கு வேண்டிய உப்பு அதில் போதாது. பில் எழுதும்போது கால்களைப் பின்னி இறுக்கிக்கொண்டு நிற்பேன். அது குருதியை மேலே தள்ளுவதை ஓரிரு மூச்சுக்குள் உணரலாம்.


உப்புவெளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாதி அக்கா சொன்னபடி அயலவரின் குளுக்கோமீற்றரைக் கேட்டு வாங்கி இரண்டு வாரம் குறித்து வைத்தேன். மயக்கம் வந்த ஐந்து முறையும் சீனி 84 க்கும் 101 க்கும் இடையில்தான் இருந்தது. அந்த இலக்கத்தை அம்மாவிடம் காட்டியபோது, மீற்றர் பழுதாக இருக்கும் என்று தன் விரலிலும் குத்திப் பார்த்தார், பிறகுதான் நம்பினார்.

மூன்று நாட்கள் வெவ்வேறு முறையில் குடித்தும் பார்த்தேன். மூன்றாம் பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறையில் இருந்து அரை லீற்றர் வெறும் தண்ணீர் குடித்த நாளிலும் பார்வை தெளிந்தது. ஆனால் நான்காம் பாடவேளை முடியும் முன் மீண்டும் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீவனி கரைத்த நாளில் பாடசாலை விடும் வரை தாங்கியது. அம்மாவின் பழைய அளவுச் சீனியோடு, உப்பில்லாமல் குடித்த நாளில் முதலில் நன்றாக இருந்து, ஒரு மணி நேரம் கழித்து நின்றபோது துடிப்பு 128 ஐத் தொட்டது. மூன்று நாளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று கணிதம் கற்பிப்பவளுக்குத் தெரியும்; இருந்தாலும் விரிவுரையாளர் ஐயா எழுதிய வரிசையிலேயே அது நடந்ததைக் கண்டு எனக்கு ஒரு நிம்மதி. இத்தனை மாதமும் என் உடம்பு என்னிடம் பொய் சொல்கிறதோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஜீவனியை நாள்தோறும் குடிப்பது சரியா?


உடற்றொழிலியல் விரிவுரையாளர் எழுதியது:

உங்கள் குறிப்பேட்டைப் படித்து மகிழ்ந்தேன். வெறும் தண்ணீரின் பயன் ஒரு மணி நேரமளவில் தேய்வதும், உப்போடு போனது உடலில் தங்கி நிற்பதும் எதிர்பார்க்கக் கூடியவையே; தண்ணீர் மட்டும் என்றால் சிறுநீரகம் அதை விரைவில் வெளியே விட்டுவிடும். பொட்ஸ் உள்ள இளையோரில் வாய்வழிக் கரைசலையும் நாளத்தில் ஏற்றும் சேலைனையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019 இல் வெளியானது. குடித்த கரைசல் நிற்கும் திறனைக் கூட்டுவதில் சேலைனுக்குப் பின்தங்கவில்லை. ஊசிக்காக வைத்தியசாலை வரிசையில் நிற்பதே நோயைக் கூட்டும் ஒருவருக்கு இது சிறிய செய்தியல்ல.

நாள்தோறும் குடிப்பதற்கு உங்கள் வைத்தியரின் ஒப்புதல் வேண்டும். நாளுக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் திரவமும், பத்துக் கிராம் அளவுக்குக் கூட உப்பும் பொட்ஸ் நோயாளருக்குச் சொல்லப்படுவதுண்டு. அது பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 5 கிராமைப் போல இருமடங்கு. சிறுநீரகம், இதயம், அமுக்கம் மூன்றும் சீராக உள்ளவருக்கே அது பொருந்தும். பொட்டலம் கிடைக்காத நாளில் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். கரண்டி மட்டமாக இருக்க வேண்டும், குவியலாக அல்ல. தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள்.


சாம்பல்தீவு மகள் எழுதியது:

இந்த உரையாடலை அப்பாவுக்காக வாசித்தேன். அவருக்கு 68 வயது. இருபது ஆண்டுகளாகச் சலரோகம், இன்சுலின் போடுகிறார். எழும்பும்போது அவருக்கும் தலை சுற்றி, அமுக்கம் 140 இலிருந்து 105 க்கு இறங்குகிறது. நரம்பு பாதிக்கப்பட்டதால் என்கிறார்கள். அவருக்கும் உப்பும் சீனியும் கலந்து கொடுக்கலாமா?


ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மகளே, அவசரப்பட்டு அப்படிச் செய்ய வேண்டாம். மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி ஓர் இளம் பெண்ணின் உடம்புக்காகச் சொல்லப்பட்டது. உங்கள் அப்பாவுக்கு நின்றால் அமுக்கம் விழுகிறது. அதே நரம்புக் கோளாறு உள்ள பலருக்குப் படுத்திருக்கும்போது அமுக்கம் மிகையாக ஏறியும் இருக்கும். இத்தனை ஆண்டுச் சலரோகத்தில் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அது தெரியாமல் உப்பைக் கூட்டினால் காலும் நெஞ்சும் நீர் கோர்க்க இடமுண்டு.

அதே நேரம், இன்சுலின் போடுபவருக்குச் சீனி உண்மையாகவே குறையக் கூடும். நரம்பு கெட்டவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் எச்சரிக்கையாக வராமலே அது 70 க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே அவருடைய தலைச்சுற்றை எழும்பியதால் வந்தது என்று அளக்காமல் தள்ளிவிடாதீர்கள். மீற்றரில் குறைவு என்று கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பவும் அளவுங்கள். மீற்றர் கைக்கெட்டாத வேளையில், அவர் விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் சீனியைக் கொடுத்துவிட்டே தேடுங்கள். குறைவு இல்லை என்று கண்டால் சீனி கொடுக்காமல் அவரைக் கட்டில் விளிம்பில் இருத்தி, கால்களை ஆட்டச் சொல்லி, ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் கொடுத்து மெதுவாக எழுப்புங்கள். சோற்றை ஒரே கோப்பையாகக் கொடுக்காமல் சிறு சிறு வேளைகளாகப் பிரிக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு வாரம், காலையில் எழும்பும் முன் படுத்தபடியும், எழும்பி ஒரு நிமிடத்திலும், மூன்றாம் நிமிடத்திலும் அமுக்கத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். இரவு படுத்தபின் எடுத்த அளவு ஒன்றும் அதில் இருக்கட்டும். அவர் குடிக்கும் அமுக்க மாத்திரைகளின் பெட்டிகளையும் கையோடு கொண்டு போங்கள். பல வேளைகளில் தலைச்சுற்றின் பாதி அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குள் இருக்கும்.